கடைக்காரர்களின் உற்சாகமான வரவேற்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் பாப்பாவும் சௌக்கியம். மாமாவுக்கு மட்டும் ஏணி ஏறி ஏறி முட்டி வலி. எலெக்ட்ரீஷியன் வேலையில் சம்பளத்தோடு சேர்ந்து வருவது அது என்கிறார். உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பிஸ்கட்டை வைத்தே காலத்தை ஓட்டுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சலித்துக்கொள்வாய். போனில் நான் எதைக் கேட்டாலும், "சரிக்கா, பாத்துக்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். எழுதிக் கேட்டால் நீயும் எழுதித்தான் ஆக வேண்டும். மதியம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் எனக்கும் பொழுது போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துச் சலவைக்கடைக்காரர் காலி செய்துவிட்டார். நடுச்சுவரை உடைத்தால் எட்டு மேசை போடலாம். நம் கடையில் மேசை விளையாட்டுப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு உட்கார்ந்து விளையாட இடமே இல்லை. சனிக்கிழமை ஆனால் பல் டாக்டரம்மாவும், ஓய்வு பெற்ற ரயில் டிரைவரும், இன்னும் பத்துப் பேரும் கல்லாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மேல் பலகை போட்டு 'ஏழு துறைமுகம்' விளையாடுகிறார்கள். எல்லாம் உன் கம்பெனிச் சரக்குதான். கப்பல் காய்கள், கடல் வரைபடம், வருடத்துக்கு இரண்டு தடவை கூடுதல் பெட்டி. என் வியாபாரத்தில் பாதி அதுதான்.

கட்டடச் சொந்தக்காரர் மூன்று வருடத்துக்கு அக்ரிமென்ட் கேட்கிறார். நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது. மார்ச் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆபீஸ் ரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் கம்பெனி அறிக்கை வெளியிடுகிறதே, அது எல்லோரும் படிப்பதுதானே? அதை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடு. இந்த விளையாட்டு மூன்று வருடம் தாங்குமா என்று தெரிந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறும் நலம். பிஸ்கட்டை விட்டுவிட்டேன், இப்போது ரொட்டி. மாமாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கள் விடவும் மாட்டீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பங்குதாரர்களுக்குப் போகிற அந்த அறிக்கையைத் தயாரிக்கிற அறையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். எண்கள் கணக்குப் பிரிவிலிருந்து வரும். அவற்றைச் சுற்றி வருகிற வார்த்தைகள் எங்களுடையவை. போன வருடம் தலைவர் கையெழுத்துப் போட்ட முன்னுரையில் பாதி உங்கள் தம்பி எழுதியது. அவர் பேர் வாங்கினார், எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

படிக்கிற முறை சுலபம். முன்னுரையை முதலில் படிக்காதீர்கள், அது கல்யாணப் பேச்சு மாதிரி. பெண் வீட்டார் பெண்ணைக் குறை சொல்ல மாட்டார்கள். நேரே பிரிவுவாரி விற்பனைக்குப் போங்கள். 'ஏழு துறைமுகம்' தனி வரியாக இருக்கும். போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்த லாபத்தைப் பார்த்து மயங்காதீர்கள், கட்டடத்தை விற்றால்கூட லாபம் கூடும். கடைசியாக, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் படியுங்கள். மறைக்க முடியாததை எல்லாம் அங்கேதான் போடுவோம்.

ஒன்று மட்டும். அறிக்கை வெளிவருவதற்கு முன்னால் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது, வீட்டு மனிதர்களிடம்கூட. எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெளிவந்த பிறகு எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

பாப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாவரும் சுகம். ஒத்தடத்துக்கு மாமா ஒத்துக்கொண்டார், ஆனால் டி.வி. முன்னால் உட்கார்ந்துதான்.

அறிக்கை வந்ததும் அச்செடுத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தேன். டாக்டரம்மாவும் கூட உட்கார்ந்தார். நோயாளி வாய்க்குள் பார்க்கிற அந்த விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் பார்த்தார் என்றால் நம்புவாயா! ரயில் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அறிக்கைக்குப் பல்லு புடுங்கப் போறீங்களா?" என்றார்.

சிரித்தோம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நீ சொன்ன தனி வரியைக் காணவில்லை. போன வருட அறிக்கையில் இருக்கிறது, இதில் இல்லை. 'மேசை விளையாட்டுகளும் கைபேசிச் செயலிகளும்' என்று ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரி நன்றாகத்தான் ஏறியிருக்கிறது. ஆனால் ஏறியது பெட்டியா, போனில் விளையாடுகிற செயலியா? எனக்கு எப்படித் தெரியும்?

அறிக்கை வெளிவந்துவிட்டது, இனிமேல் கேட்கலாம் என்றாயே. அதனால் கேட்கிறேன். ஏன் சேர்த்தார்கள்? மாமா சொல்கிறார்: "உன் தம்பி நல்லதுன்னு சொன்னா செவுத்தை இடிக்கிறேன். சந்தேகம்னு சொன்னா சுத்தியலை எடுத்து உள்ள வெச்சிடுறேன்." அவருக்கு உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்குந்தான்.

பதிலைத் தாமதிக்காதே. சாப்பாட்டில் கவனம்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். ஆபீஸில் வேலை நெருக்கடி. நான் நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

தனி வரி இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கூட்டுக் குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிக்கிற பிள்ளைக்குத் தனிக் கணக்கு எதற்கு அக்கா? வீடே அவனை நம்பித்தானே நடக்கிறது! அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்துக் காட்டுவது எல்லாக் கம்பெனியிலும் உண்டு. 'ஏழு துறைமுகம்' என்ற பெயர் இந்தக் கம்பெனிக்குச் சொத்து. அதை யாரும் விட மாட்டார்கள். தைரியமாகச் செய்யுங்கள்.

மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் கேட்டுப் பார்த்தீர்களா? சும்மா கேட்டுப் பார்க்கலாமே. மாமாவையும் ஒரு வார்த்தை கலந்துகொள்ளுங்கள்.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. பாப்பா பரீட்சை எப்படி எழுதினாள்?

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

வாயெல்லாம் பல்லாக எழுதுகிறேன். எல்லோரும் நலம். பாப்பா கணக்கில் மட்டும் கோட்டை விட்டாள், மாமனைப் போல வரவில்லை.

சுவர் போய்விட்டது! கட்டடச் சொந்தக்காரர் ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு வருஷம்னா மூணு வருஷம்தாம்மா" என்று ஒரே பிடி. உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். கூட்டுக் குடும்பம் என்ற இடம் வந்ததும், "பையன் விவரமாத்தான் சொல்றான்" என்று எழுந்து சுத்தியலை எடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டாயிற்று. லீவு நாள் எல்லாம் அவர் அங்கேதான் கிடக்கிறார். ஒவ்வொரு மேசைக்கும் மேலே தனி விளக்கு. காயின் நிழல் வரைபடத்தில் விழக் கூடாதாம், டாக்டரம்மா சொல்லிவிட்டாராம்.

உங்கள் கம்பெனி முன்பதிவுச் சலுகை அறிவித்திருக்கிறதே, வழக்கத்தைவிட இரண்டு பங்கு எடுத்தால் நல்ல கழிவு என்று. எடுத்துவிட்டேன். விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாது என்று போட்டிருக்கிறது. ஆனால் புது ஹால் திறக்கும்போது அலமாரி நிறைந்திருக்க வேண்டாமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கிறாளே, என் பழைய சிநேகிதி, அவள் எடுப்பதா வேண்டாமா என்று போன் செய்தாள். "என் தம்பி அங்கேயேதான் வேலை பாக்கறான், அவன் சொல்லிட்டான், கண்ண மூடிக்கிட்டு எடு" என்றேன். அவளும் இரண்டு பங்கு எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை திறப்பு. நீ வர வேண்டும். சாக்குச் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனிலும் மூன்று வார்த்தைதான். திறப்புக்கும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? மாமா, "அவனுக்கு வேலை இருக்காதா" என்கிறார். இருக்கும். ஆனால் நீ வேலை இருக்கும்போதும் என்னோடு சண்டை போட நேரம் வைத்திருக்கிறவன்.

எட்டு மேசையும் நிறைந்தது. நேற்று புது அறிக்கை வந்ததே, அதையும் அச்செடுத்துக் கடையில் உரக்கப் படித்தேன். அந்தச் சேர்த்த வரியில் பதினெட்டு சதவீதம் ஏற்றம்! காரணம் என்ன என்று அடுத்த வரியில்: 'முன்பதிவுச் சலுகைக்குக் கடைக்காரர்கள் அளித்த உற்சாகமான வரவேற்பு.' கடைக்காரர்கள் என்றால் நான்தானே! எல்லோரும் கை தட்டினார்கள். ரயில் டிரைவர் எழுந்து நின்று சலாம் வைத்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நம் வீட்டில் யார் பேர் இப்படி அச்சில் வந்திருக்கிறது? பேர் வரவில்லைதான், ஆனால் எனக்குத் தெரியும்.

நீதான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாயே. எழுதினவருக்கு அக்கா தேங்க்ஸ் சொன்னாள் என்று சொல்லிவிடு.

எப்படி இருக்கிறாய் என்றாவது ஒரு வரி எழுது.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கொஞ்சம் தூக்கம் சரியில்லை, மற்றபடி ஒன்றுமில்லை. திறப்புக்கு வராதது தப்பு. மாமாவிடம் சொல்லுங்கள்.

எட்டு மேசைக்கும் எட்டு மணல் கடிகாரம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்தால் சரி.

அறிக்கையை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. அது பங்குதாரர்களுக்காக எழுதுவது. கடையில் வேறு விளையாட்டுகளும் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அவற்றையும் முன்னால் வையுங்கள். ஒரே சரக்கை நம்பி இருப்பது எந்தக் கடைக்கும் நல்லதில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு அன்பு.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். மணல் கடிகாரம் எட்டும் பத்திரமாக வந்தன.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஹால் நிறைகிறது, ஆனால் பெட்டி நகரவில்லை. வருகிறவர்கள் வைத்திருக்கிற பெட்டியிலேயே விளையாடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு, "இது போன்லயே இருக்கே ஆன்ட்டி" என்று போய்விடுகிறார்கள். சரி, நம் தெருவில்தான் இப்படி, மற்ற இடத்தில் விற்கிறது போலிருக்கிறது, அதனால்தானே பதினெட்டு சதவீதம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்குத்தான் விற்கத் தெரியவில்லை என்று ஒரு மாதம் மருகினேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் பாலத்துக் கடைக்குப் போனேன். அவள் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டாள். என் கடையில் இருக்கிற அதே பெட்டிகள், அதே அடுக்கு, தூசிகூட அதே அளவு. "நீ சொன்னேன்னுதான் எடுத்தேன்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு எனக்கு டீ போடப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து அறிக்கையை எடுத்தேன். பின்பக்கக் குறிப்புகளைப் படி என்று நீதானே சொன்னாய்? படித்தேன். 'சரக்கு கடைகளுக்கு அனுப்பப்பட்ட நாளிலேயே விற்பனையாகக் கொள்ளப்படும்.' நாலு தடவை படித்தேன். அப்படியானால் யாரும் வாங்காவிட்டாலும் உங்கள் கணக்கில் அது விற்றாயிற்று. தம்பி, அந்தப் பதினெட்டு சதவீதம் என் அலமாரியில் இருக்கிறது. அவள் பின்கட்டில் இருக்கிறது. நான் கை தட்ட வைத்தது என் சொந்தத் தேங்கலுக்கு. எங்கள் தலையில் கட்டியதற்குப் பேர் வளர்ச்சி.

கூட்டுக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் கணக்கைத் தனியாகக் காட்டாவிட்டால் அவன் சம்பாதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். எத்தனை வீடு பார்த்திருக்கிறேன், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்த 'உற்சாகமான வரவேற்பு' யார் எழுதியது?

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நலம் விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான்தான் எழுதினேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசியில் எங்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. பெட்டி விளையாட்டை அடுத்த வருடத்தோடு நிறுத்துவது, செயலியை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதற்கு முன்னால் கிடங்கைக் காலி செய்ய வேண்டும், அதற்குத்தான் அந்தச் சலுகை. தனி வரியை எடுத்ததும்கூடப் பெட்டி விற்பனையின் சரிவு தெரியக் கூடாது என்றுதான். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் மார்ச் மூன்றாம் தேதி உங்களுக்கு எழுதினேன். கூட்டுக் குடும்பம் என்று உவமை வேறு. எழுதி முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்த்தேன் அக்கா. அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் அறிக்கைக்கு மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "ஏத்தத்துக்கு ஒரு காரணம் போடணும், நல்லா ஒரு வரி எழுதுப்பா" என்றார். நீங்கள் இரண்டு பங்கு எடுத்த கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. உங்கள் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் 'உற்சாகமான' என்ற வார்த்தை வந்தது. அவர் பாராட்டினார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வரியை நான் மாற்றவில்லை.

ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டிருந்தேன், உண்மை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இப்போது எழுதுகிறேனே, இதிலும் பெருமைப்பட எதுவும் இல்லை. பெட்டியை நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பு நேற்று வெளிவந்துவிட்டது. அது வருவதற்காக நான்கு நாள் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆபத்தில்லை என்று ஆன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

தம்பி


ஜூலை 27

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். மாமா பேசவில்லை. கோபித்துக்கொண்டு கத்தினாலும் பரவாயில்லை, ஹாலுக்குப் போய் எரிகிற விளக்கை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரி பார்க்கிறார்.

ரகசியம், கையெழுத்து என்று எழுதியிருக்கிறாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சோறு போடுகிற வேலை. "அக்கா, இதப் பத்தி என்னைக் கேக்காதீங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ரகசியம் எதுவும் வெளியே போயிருக்காது, நானும் புரிந்துகொண்டிருப்பேன். நீ சின்ன வயதிலிருந்து எதையாவது மென்று முழுங்கினால் எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொள் என்றுதானே உன்னிடம் எழுதி வாங்கினார்கள். நீ மூடிக்கொள்ளவில்லையே. 'தைரியமாகச் செய்யுங்கள்' என்று யார் உன்னை எழுதச் சொன்னது? அது நீ கையெழுத்துப் போட்ட எந்தத் தாளில் இருக்கிறது?

விவரம் தெரிந்த தம்பி என்ற பேரை விட மனசில்லை உனக்கு. எனக்கும்தான், விவரம் தெரிந்த தம்பியின் அக்கா என்ற பேரை விட மனசில்லை. அதனால்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வெட்கம் என்னுடையது, அதை உன் தலையில் போட மாட்டேன்.

போன சனிக்கிழமை அறிவிப்பை எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, ஆனால் யாரும் காயை நகர்த்தவும் இல்லை. டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "உங்க தம்பிக்கு இது முன்னாடியே தெரியாதா?"

பாலத்துக் கடைக்காரியும் அன்றைக்கு வந்திருந்தாள். வாசல் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"அவனுக்கும் தெரியாதுங்க. அவனையும் ஏமாத்திட்டாங்க" என்றேன்.

டாக்டரம்மா உடனே, "பாவம், அவருக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்" என்றார். ரயில் டிரைவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அவர்கள் உனக்காகப் பரிதாபப்பட்டபோது எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. மாமா அங்கேயே நின்றார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

உன் பொய் உன் கம்பெனிக்காக. என் பொய் உனக்காக. அந்தப் பொய்யின் மேல்தான் இப்போது சனிக்கிழமைதோறும் கடையைத் திறக்கிறேன், இன்னும் இரண்டரை வருடத்துக்கும் மேல் திறந்தாக வேண்டும். பெட்டி விற்காமல் போனால் வேறு சரக்குப் போட்டுப் பிழைத்துக்கொள்வேன். ஆனால் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள். அது போனால் எனக்குக் கடை இல்லை. வெறும் மேசை, விளக்கு, சுவர்.

பணம் கிணம் அனுப்பிவிடாதே, திருப்பி அனுப்பிவிடுவேன். நான் சொன்ன பொய்யை நீ வந்து எடு. சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் இருப்பார்கள்.

அக்கா


ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள், மாமா, பாப்பா மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் வந்தேன். காலையில் கிளம்பி மூன்றரைக்கே உங்கள் தெருவுக்கு வந்துவிட்டேன். எதிரே இருக்கிற மருந்துக்கடை வாசலில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்திருந்தேன். எல்லாம் அறிக்கை மாதிரியே வந்தது. 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில்' என்று ஒன்று. அதை அடித்துவிட்டு, 'வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று இன்னொன்று. பூசி மெழுகுவதைத் தவிர எனக்கு வேறு எழுதத் தெரியவில்லை போலிருக்கிறது.

கண்ணாடிக் கதவு வழியாக ஹால் முழுக்கத் தெரிந்தது. மாமா போட்ட விளக்குகளை முதல் தடவை பார்த்தேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் ரயில் டிரைவர் என்று நினைக்கிறேன். நீங்கள் யாருக்கோ குனிந்து ஆட்ட விதியைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கதவைத் திறந்து என்னவென்று சொல்வது? ரோட்டைக் கடக்கக் காலை எடுத்து வைத்தேன். ஒரு பஸ் வந்தது. அது போவதற்காக நின்றேன். அதற்குப் பிறகு கடக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர், "என்ன சார் வேணும்?" என்றார். வயிற்றுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இதையும் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். என்னைக் கோழை என்று திட்டுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். மாமா இரண்டு நாளாக என்னோடு பேசுகிறார், உப்புப் போட்டாயா என்கிற அளவுக்கு.

மருந்துக்கடை வாசலில் நீ நின்றதை நான் பார்த்தேன். இளைத்துவிட்டாய். சட்டை தோளில் தொங்குகிறது. குனிந்து விதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, நான் விதி எதுவும் சொல்லவில்லை. உன்னைப் பார்த்ததும், என் முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்று மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மாமாவும் பார்த்துவிட்டார். "வெயில்ல நிக்கிறான், போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். உன்மேல் அத்தனை கோபம் இருக்கிற, அதுவரை என்னோடும் பேசாதிருந்த மனிதர்.

நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். நீ பஸ்ஸுக்காக நின்றதையும் பார்த்தேன், பஸ் போன பிறகும் நின்றதையும் பார்த்தேன். நீ திரும்பிப் போன பிறகு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா, "கண்ணுல தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் இரண்டாவது பொய்.

நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் நீ என் தம்பியாகத்தான் உள்ளே வருவாய். எழுந்து நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், உன்னைப் பார்த்து இன்னும் பரிதாபப்படுவார்கள். நானும் விட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அவர்கள் முன்னால் வர வேண்டியது என் தம்பி இல்லை, அந்த வரியை எழுதியவர். அவரை நான் கூப்பிட முடியாது. அவராகத்தான் ரோட்டைக் கடக்க வேண்டும்.

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, வெறும் வயிற்றில் போடாதே. சனிக்கிழமை நாலு மணிக்குக் கடை திறந்திருக்கும்.

அக்கா